கார்ல் பிராய்ண்ட்

கார்ல் பிராய்ண்ட் (ஜனவரி 16, 1890 – மே 3, 1969) ஜெர்மனியிலும் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் பணியாற்றிய திரைப்பட ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் ஆவார். 1920களில் பெர்லினில் உருவான பேசாப் படங்களில், முக்காலியின் மேல் அசையாது நின்ற கேமராவை விடுவித்து நடமாடச் செய்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். த குட் எர்த் (1937) திரைப்படத்திற்காகச் சிறந்த ஒளிப்பதிவுக்கான அகாதமி விருதைப் பெற்றார். தமது அறுபத்தோராம் வயதில் தொலைக்காட்சிக்கு வந்து, ஐ லவ் லூசி என்னும் நகைச்சுவைத் தொடரின் ஒளிப்பதிவாளராகப் பொறுப்பேற்றார். பார்வையாளர் முன்னிலையில் மூன்று கேமராக்களைக் கொண்டு ஒரே நேரத்தில் படம் பிடிப்பதற்கு ஏற்ற ஒளியமைப்பை அத்தொடருக்காக இவர் வகுத்தார். அரங்கில் படமாக்கப்படும் சிட்காம் எனப்படும் சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்களின் தோற்றம் பெரும்பாலும் அந்த ஒளியமைப்பின் வழிவந்ததாகும்.

இளமைக் காலம்

பிராய்ண்ட் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொகீமியப் பகுதியில், தற்போது செக் குடியரசில் உள்ள துவூர் கிராலவே என்னும் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்குப் பதினோரு வயதானபோது குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்தாம் வயதில் ரப்பர் முத்திரை தயாரிப்பவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அத்தொழிலில் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள்ளாகவே படம் காட்டும் கருவியை இயக்கும் பணிக்கும், அதிலிருந்து படம் பிடிக்கும் பணிக்கும் மாறினார். 1908 அளவில் பாத்தே நிறுவனத்தின் செய்திப்படங்களுக்குக் கேமரா இயக்கினார்.

செய்திப்படப் பயிற்சி இவருடைய பிற்கால வாழ்வுக்குத் தொடர்பற்றதன்று. செய்திப்படம் எடுப்பவருக்கு இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. ஊர்வலம் ஒருமுறைதான் செல்லும்; அது செல்லும்போது கேமரா சரியான இடத்தில், சரியான வெளிச்சத்தில் இருந்தாக வேண்டும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஹாலிவுட்டில் 300 பார்வையாளர்களுக்கு முன்னால் இவர் எதிர்கொண்ட சிக்கலும் ஏறக்குறைய இதுவே.

பெர்லின் ஆண்டுகள்

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மானியத் திரைப்படத்தின் பல முக்கிய ஆக்கங்களில் பிராய்ண்டின் பெயர் காணப்படுகிறது. பவுல் வேகெனர் நடித்து இயக்கிய த கோலெம் (1920), எப். டபிள்யூ. முர்னாவின் த லாஸ்ட் லாஃப் (1924), ஈ. ஏ. டுபோன்ட்டின் வெரைட்டி (1925), பிரிட்ஸ் லாங்கின் மெட்ரோபோலிஸ் (1927) ஆகியவை அவற்றுள் சில. மெட்ரோபோலிஸ் படத்தில் குந்தர் ரிட்டாவுடன் இணைந்து பணியாற்றினார். கார்ல் டிரெயரின் மைக்கேல் (1924) படத்தில் ஒளிப்பதிவோடு, ஓவிய வணிகராக ஒரு சிறு வேடத்திலும் தோன்றினார். பருத்த உடலும் உரத்த ஆளுமையும் கொண்ட இவருக்கு அவ்வேடம் பொருந்தியிருந்தது.

இவற்றுள் தனித்துக் கூறத்தக்கது த லாஸ்ட் லாஃப். பெரிய விடுதி ஒன்றின் வாயிற்காப்பாளராக, பொத்தான்கள் மின்னும் சீருடையில் பெருமிதத்தோடு நிற்கும் முதியவர் ஒருவர், வயதைக் காரணம் காட்டிக் கழிவறைப் பணியாளராக இறக்கப்படுகிறார். எமில் யானிங்ஸ் நடித்த இப்படத்தில் எழுத்து அட்டைகள் ஏறக்குறைய இல்லை. முதியவரின் பெருமை, அவமானம், மயக்கம் ஆகிய அனைத்தையும் கேமராவே சொல்ல வேண்டியிருந்தது. படத்தின் தொடக்கத்தில், மிதிவண்டியின் மேல் கேமராவோடு அமர்ந்த பிராய்ண்ட் மின்தூக்கியில் கீழிறங்கி, விடுதிக் கூடத்தின் வழியே சுழற்கதவு வரை சென்றார். முதியவர் குடிபோதையில் தள்ளாடும் காட்சிக்காகக் கேமராவைத் தம் மார்பில் கட்டிக்கொண்டு, எடை சமன்பட மின்கலங்களை முதுகில் சுமந்து, தாமே தள்ளாடி நடந்தார். இதனால் பார்வையாளர் குடித்த மனிதரைப் பார்க்கவில்லை. குடித்த மனிதரின் கண்களால் உலகைப் பார்த்தனர். கட்டவிழ்ந்த கேமரா என்று பின்னர் அழைக்கப்பட்ட இம்முறை விரைவில் ஹாலிவுட்டையும் எட்டியது. அந்நாட்களில் பெர்லினில் பணியாற்றிக்கொண்டிருந்த இளைஞர் ஆல்பிரட் ஹிட்ச்காக் முர்னாவின் படப்பிடிப்பை நேரில் கண்டவர்களுள் ஒருவர்.

மெட்ரோபோலிஸ் வெளியான அதே 1927-ஆம் ஆண்டில் வால்டர் ருட்மனின் பெர்லின்: பெருநகரின் சிம்பொனி என்னும் ஆவணப்படமும் வெளிவந்தது. அதன் உருவாக்கத்தில் பிராய்ண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. மக்கள் அறியாதவாறு, தெருவின் இயல்பான வெளிச்சத்திலேயே படம் பிடிப்பதற்காகப் படச்சுருளின் ஒளியுணர்திறனை வேதியியல் முறையில் கூட்டும் வழியை இவர் கையாண்டார். கலைஞர் என்பதற்கு இணையாக இவர் ஒரு தொழில்நுட்பவியலாளர் என்பது இங்குத் தெளிவாகிறது. ஒளியை அளப்பது, படச்சுருள் ஒளியை ஏற்கும் விதத்தை மாற்றுவது ஆகியவற்றில் இவர் கொண்டிருந்த ஆர்வம் கடைசி வரை குறையவில்லை.

அமெரிக்காவில்

வண்ணப்பட முறை ஒன்றின் சோதனைப் பணியை ஒட்டி 1929-இல் பிராய்ண்ட் ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றார். விரைவில் யுனிவர்சல் நிறுவனத்தில் இணைந்தார். டாட் பிரவுனிங் இயக்கி பேலா லுகோசி நடித்த டிராகுலா (1931) படத்தின் ஒளிப்பதிவு இவருடையது. அந்நிறுவனத்திற்காக, போரிஸ் கார்லாப் நடித்த த மம்மி (1932) படத்தை இயக்கினார். மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்துக்காக இயக்கிய மேட் லவ் (1935), பீட்டர் லோரே நடித்த முதல் அமெரிக்கப் படம் என்ற வகையில் இன்றும் பேசப்படுகிறது. அதன்பின் இவர் படம் எதையும் இயக்கவில்லை, ஒளிப்பதிவுக்கே திரும்பினார்.

பெர்ல் பக்கின் புதினத்தைத் தழுவிய த குட் எர்த் படம் 1937-இல் வெளிவந்து இவருக்கு அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது. 1941-ஆம் ஆண்டுப் படங்களுக்கான போட்டியில் கறுப்பு வெள்ளைப் பிரிவில் ஒன்றும் வண்ணப் பிரிவில் ஒன்றுமாக இவர் இருமுறை முன்மொழியப்பட்டார்.

விருது தந்த அதே 1937-ஆம் ஆண்டில்தான், நாசி ஆட்சியில் இருந்த ஜெர்மனிக்குச் சென்று தம் ஒரே மகளை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தார். மகளின் தாயும் இவருடைய முன்னாள் மனைவியுமான சூசெட் அங்கேயே தங்கிவிட்டார். பின்னர் அவர் ராவென்ஸ்புருக் வதைமுகாமில் அடைக்கப்பட்டு, 1942-இல் பெர்ன்பர்க் கொலைமையத்தில் கொல்லப்பட்டார். வதைமுகாம் ஒன்றிலிருந்து தப்பும் ஏழு கைதிகளைப் பற்றிய த செவன்த் கிராஸ் (1944) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் பிராய்ண்டே. ஸ்பென்சர் டிரேசி நடித்த அப்படத்தின் இருண்ட தெருக்களும் மூடுபனியும் இவருடைய பெர்லின் ஆண்டுகளை நினைவூட்டுபவை. ஜான் ஹியூஸ்டனின் கீ லார்கோ (1948) இவரது பிற்காலத் திரைப்படங்களுள் நன்கு அறியப்பட்டதாகும்.

1943-இல் வெளிவந்த டு பெரி வாஸ் எ லேடி என்னும் வண்ண இசைப்படத்துக்கும் இவரே ஒளிப்பதிவாளர். அது பெரிதாக நினைவுகூரப்படும் படமன்று. எனினும் அதன் நாயகி லூசில் பால் தம் தலைமுடிக்குச் செந்நிறம் ஏற்றிக்கொண்டது அப்படத்திற்காகவே. எட்டு ஆண்டுகளுக்குப் பின் தொலைக்காட்சியில் தம்மைப் படம் பிடிக்க இவரையே நாடியவர்கள் லூசில் பாலும் அவர் கணவர் தேசி அர்னாசும்.

தொலைக்காட்சிக்கு வந்த பின்னணி

1951-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. மேற்குக் கடற்கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கினஸ்கோப் எனப்பட்ட படி அனுப்பப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் திரையை அப்படியே படச்சுருளில் பதிவு செய்வதே கினஸ்கோப் ஆகும். அதன் தரம் மங்கலானது. லூசில் பால், அர்னாஸ் இணையர் கலிபோர்னியாவை விட்டு நகர விரும்பவில்லை. நிகழ்ச்சிக்கு நிதியளித்த பிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனமோ, மக்கள்தொகை மிகுந்த கிழக்குப் பகுதியினர் மங்கலான படியைப் பார்க்க நேர்வதை ஏற்கவில்லை.

இதற்குத் தீர்வாக நிகழ்ச்சியைத் திரைப்படம் போல 35 மி.மீ. படச்சுருளில் எடுப்பதென முடிவாயிற்று. செலவு கூடியதால் இணையர் தம் ஊதியத்தில் வாரத்துக்கு 1,000 டாலரைக் குறைத்துக்கொண்டு, ஈடாகப் படங்களின் உரிமையைப் பெற்றனர். படச்சுருளில் எடுத்திருந்ததால் அத்தொடர் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்பட்டது. அந்த உரிமையின் மதிப்பு அன்று எவருக்கும் முழுமையாகப் புலப்பட்டிருக்கவில்லை.

ஆயினும் ஒரு நிபந்தனை இருந்தது. லூசில் பால் 1948 முதல் மை பேவரிட் ஹஸ்பண்ட் என்னும் வானொலி நகைச்சுவையைப் பார்வையாளர் முன்னிலையில் நிகழ்த்தி வந்தவர். எதிரே இருப்பவர் சிரிக்கும்போது அவருடைய நடிப்பு வேறாகிவிடும் என்பதை உடன் பணியாற்றியவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே தொடரைப் படச்சுருளில் எடுக்க வேண்டும். ஆனால் நாடகம் போல, மக்கள் முன்னால், கதையின் வரிசைப்படி, நிறுத்தி நிறுத்தி அல்லாமல் எடுக்க வேண்டும்.

திரைப்படத் தொழிலில் அன்றைய நடைமுறை இதற்கு நேர்மாறானது. ஒரு கேமராவைக் கொண்டு முதலில் முழுக் காட்சியை எடுப்பார்கள். பின் விளக்குகளை மாற்றி ஒரு நடிகரின் முகத்தை எடுப்பார்கள். மீண்டும் விளக்குகளை மாற்றி மற்றவரை எடுப்பார்கள். ஒவ்வொரு கோணத்திற்கும் ஒளியமைப்பு வேறு. ஒரு நாளில் சில பக்கங்களே முடியும். இம்முறையில் எடுக்கப்படும் நகைச்சுவைக்கு ஒரு குறை உண்டு. முதல் முறை சொல்லப்பட்டபோது சிரிப்பை எழுப்பிய சொல், எட்டாம் முறை சொல்லப்படும்போது வெறும் சொல்லாகிவிடுகிறது.

அர்னாஸ் 1976-இல் வெளியிட்ட தன்வரலாற்றின்படி, அவர் முதலில் அணுகியபோது, அண்மைக் காட்சிக்கும் தொலைவுக் காட்சிக்கும் ஒரே வெளிச்சம் பொருந்தாது என்று பிராய்ண்ட் மறுத்துவிட்டார். பின்னர் அந்த இயலாமையே அவரை ஈர்த்ததுபோலும். அப்போது தம் ஒளியளவி நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த பிராய்ண்டுக்குப் பணத் தேவை இருக்கவில்லை. தொழிற்சங்கம் வரையறுத்த அடிப்படை ஊதியத்திற்கே அவர் இசைந்ததாகக் கூறப்படுகிறது.

ஐ லவ் லூசி

ஹாலிவுட்டில் இருந்த ஜெனரல் சர்வீஸ் படப்பிடிப்பு வளாகத்தின் ஓர் அரங்கு இதற்கென மாற்றியமைக்கப்பட்டது. ஒருபுறம் 300 பேர் அமர்வதற்கான இருக்கைகள் படிப்படியாக உயர்ந்தன. எதிர்ப்புறம் லூசி, ரிக்கி இணையரின் வரவேற்பறை, சமையலறை, படுக்கையறை, ரிக்கி பாடும் இரவு விடுதி ஆகிய அரங்கப்பொருத்தங்கள் பக்கம் பக்கமாக அமைந்தன. முதல் படப்பிடிப்பு செப்டம்பர் 8, 1951 அன்று நடைபெற்றது. அக்டோபர் 15 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடர் தொடங்கியது. முதற் பருவத்தை மார்க் டேனியல்ஸ் இயக்கினார். பின்னர் வில்லியம் ஆஷர் பொறுப்பேற்றார்.

மூன்று மிட்செல் கேமராக்கள் பயன்பட்டன. நடுவில் இருந்தது, அகன்ற கோண வில்லையுடன் முழுக் காட்சியை எடுத்தது. இரு பக்கங்களிலும் நின்றவை நீண்ட குவியத்தொலைவு கொண்ட வில்லைகளால் நடிகர்களின் அண்மைக் காட்சிகளை எடுத்தன. மூன்றும் உருளைகள் பொருத்திய வண்டிகளின் மேல் இருந்தன. தண்டவாளம் போட்டால் பார்வையாளரின் கண்ணை மறைக்கும் என்பதோடு ஒரு பொருத்தத்திலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து செல்லவும் முடியாது. ஆகவே வண்டிகள் அதிராமல் ஓடும்படி தரை சமன்படுத்தப்பட்டது. வண்டிகள் நிற்க வேண்டிய இடங்கள் தரையில் குறிக்கப்பட்டன. ஓர் ஒருங்கிணைப்பாளர் பேசுகருவி வழியே குழுவினருக்கு ஆணைகளைத் தந்தார்.

பிராய்ண்டின் பங்கு முதன்மையாக விளக்குகளில் இருந்தது. தரையில் ஒரு விளக்குத் தாங்கியை வைத்தால்கூட அது ஏதேனும் ஒரு கேமராவின் சட்டகத்துக்குள் வரும், அல்லது பார்வையாளரை மறைக்கும். எனவே தரையில் விளக்கே வேண்டாம் என்று முடிவு செய்தார். பொருத்தங்களுக்கு மேலே கட்டப்பட்ட நடைபாலங்களிலிருந்து எல்லா விளக்குகளும் தொங்கவிடப்பட்டன. மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் கண்குழிகளும் முகவாயின் அடிப்பகுதியும் இருண்டுவிடும். அந்நிழலை மென்மையாக்க ஒவ்வொரு கேமராவின் வில்லைக்கு மேலும் ஒரு சிறு விளக்கு பொருத்தப்பட்டது. கேமரா செல்லும் இடமெல்லாம் அவ்விளக்கும் சென்றது. நடிகர் எங்கு நின்றாலும், எந்தக் கேமராவிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் கிடைத்தது.

அடுத்த சிக்கல் தொலைக்காட்சிப் பெட்டியிலேயே இருந்தது. அன்றைய ஒளிபரப்பு முறை படத்தின் கறுப்பை மேலும் கறுப்பாகவும் வெள்ளையை மேலும் வெள்ளையாகவும் காட்டியது. திரையரங்கில் அழகாகத் தெரியும் படம், வீட்டுப் பெட்டியில் கரித்துண்டும் சுண்ணாம்பும் போலத் தோன்றும். பிராய்ண்ட் இதைக் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருள்களிலேயே சரிசெய்தார். சுவர்களும் அறைகலன்களும் சாம்பல் நிறத்தின் பல்வேறு சாயல்களில் வண்ணம் பூசப்பட்டன. காட்சியில் யாரேனும் செய்தித்தாள் படித்தால் அத்தாளுக்கும் சாம்பல் சாயம் ஏற்றப்பட்டது. தொடரின் வீடு நேரில் பார்த்தவர்களுக்கு ஒளியிழந்த வீடாகவே தெரிந்திருக்கும்.

ஒரே காட்சி மூன்று சுருள்களில் பதிவானதால் படத்தொகுப்புக்கும் புதிய கருவி தேவைப்பட்டது. தொகுப்பாளர் டான் கான், மூன்று படத் திரைகளும் ஒரு ஒலிப் பகுதியும் கொண்ட மூவியோலா கருவியில் மூன்று கோணங்களையும் அருகருகே ஓடவிட்டுத் தேர்ந்தெடுத்தார். அதன் பருமனைக் கண்ட குழுவினர் அதற்கு மூன்று தலை அரக்கன் என்று பெயரிட்டனர்.

நகைச்சுவையும் கேமராவும்

இத்தொழில்நுட்பம் சிரிப்புக்கு எவ்வாறு உதவியது என்பதை இரு நிகழ்வுகளிலிருந்து அறியலாம்.

செப்டம்பர் 15, 1952 அன்று ஒளிபரப்பான பகுதியில் லூசியும் தோழி எத்தலும் மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்கிறார்கள். ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும். பட்டையின் வேகம் கூடும்போது இருவரும் சுற்ற இயலாதவற்றை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள். மேற்பார்வையாளர் வந்து பார்க்கிறார். சுற்றப்படாதது ஒன்றும் இல்லை. மகிழ்ந்துபோய் வேகத்தை இன்னும் கூட்டச் சொல்கிறார். இக்காட்சியின் முக்கியப் பகுதி பட்டையும் இரு பெண்களும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கும்படி காட்டப்படுகிறது. கைகள் தோற்பதும் கண்கள் அதை உணர்வதும் வாய் நிரம்புவதும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். சாக்லேட்டை ஒரு துண்டாகவும் முகத்தை ஒரு துண்டாகவும் வெட்டிக் காட்டியிருந்தால் வேகம் தொகுப்பாளருடையதாகிவிடும். முழுமையாகக் காட்டும்போது வேகம் அப்பட்டையினுடையது. அதோடு போராடுவது நடிகையர் என்பதைப் பார்வையாளர் நம்புகிறார்.

மே 5, 1952 அன்று ஒளிபரப்பான பகுதி பிராய்ண்டின் வாழ்வோடு இன்னும் நெருக்கமாக ஒப்பிடத்தக்கது. லூசி ஒரு சத்து மருந்துக்கான தொலைக்காட்சி விளம்பரத்துக்கு ஒத்திகை பார்க்கிறார். மருந்தில் மதுசாரம் கலந்திருப்பது அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு கரண்டி குடிக்கிறார். கண் சொக்குகிறது, நாக்குக் குழறுகிறது, மருந்தின் நீண்ட பெயர் ஒவ்வொரு முறையும் வேறொன்றாகச் சிதைகிறது. இக்காட்சியில் கேமரா ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. மேசைக்கு எதிரே, இடுப்புக்கு மேல் தெரியும்படி, நேராக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

1924-இல் குடிபோதையைக் காட்டக் கேமராவை மார்பில் கட்டிக்கொண்டு தள்ளாடியவரும், 1952-இல் அதே குடிபோதையைக் காட்டக் கேமராவை அசையாது நிறுத்தியவரும் ஒருவரே. த லாஸ்ட் லாஃப் படத்தில் முதியவரின் மயக்கத்தில் நாமும் பங்குகொள்கிறோம். ஆகவே அங்குச் சிரிப்பைவிட இரக்கம் மிகுகிறது. லூசியின் காட்சியில் நாம் தெளிவாக இருக்கிறோம், அவர் மட்டும் தள்ளாடுகிறார். தாம் சரியாகவே பேசுவதாக அவர் எண்ணிக்கொண்டிருப்பதும், அப்படி இல்லை என்பது நமக்குத் தெரிவதும்தான் நகைப்பு. கேமராவும் சேர்ந்து ஆடியிருந்தால் அவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறார் என்று அளந்து பார்க்க நேர்கோடு எதுவும் எஞ்சியிராது. நகைச்சுவைக்கு நிலையான சட்டகம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது.

நிழல் இல்லாத ஒளியமைப்புக்கும் இதே காரணம் பொருந்தும். டிராகுலாவில் நிழல் எதையோ மறைக்கிறது. மறைப்பதால் அச்சம் பிறக்கிறது. லூசியின் வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை. கதவுக்குப் பின்னால் அவர் ஒளிந்திருப்பது ரிக்கிக்குத் தெரியாது, ஆனால் நமக்குத் தெரிய வேண்டும். வெளிச்சம் எங்கும் பரவியிருந்ததால் நடிகர்கள் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நின்றாக வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது. மேசை மேல் ஏறினாலும் சோபாவின் பின்னால் விழுந்தாலும் முகம் தெரியும். லூசில் பால் போன்று முழு உடலாலும் நடிப்பவருக்கு இது பெரிய விடுதலை.

மூன்று கேமராக்களால் விளைந்த மற்றொரு பயன், எதிர்வினை முகங்கள். லூசி சொல்லும் பொய்யைக் கேட்கும் ரிக்கியின் முகம், அந்தப் பொய் சொல்லப்பட்ட அதே நொடியில் பதிவானது. பின்னர் தனியே நடிக்கச் சொல்லி எடுத்ததன்று. அரங்கில் சிரிப்பு எழும்போது நடிகர்கள் அது அடங்கும் வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பும் சுருளில் பதிவானது. பார்வையாளருக்கு மேலே தொங்கிய ஒலிவாங்கிகள் அச்சிரிப்பைப் பதிவு செய்தன. வீட்டில் பார்ப்பவருக்கு நடிகரின் இடைநிறுத்தமும் சிரிப்பொலியும் ஒன்றோடொன்று பொருந்திக் கேட்பதற்குக் காரணம் அவை உண்மையிலேயே ஒன்றாக நிகழ்ந்தவை என்பதே.

மதிப்பீடு

மூன்று கேமரா முறையைக் கண்டுபிடித்தவர் பிராய்ண்ட் என்று பல நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. இது சரியன்று. பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படச்சுருளில் பதிவு செய்வதை ஜெர்ரி பேர்பேங்ஸ் 1940களின் இறுதியிலேயே முயன்றிருந்தார். ட்ரூத் ஆர் கான்சிகுவன்சஸ் என்னும் போட்டி நிகழ்ச்சியும் 1950-இல் இவ்வாறு எடுக்கப்பட்டது. அதில் பணியாற்றிய அல் சைமன் பின்னர் ஐ லவ் லூசி குழுவிலும் சேர்ந்தார். தேசி அர்னாஸ், தயாரிப்பாளர் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மார்க் டேனியல்ஸ் ஆகியோரின் பங்கும் சிறிதன்று. பிராய்ண்டுக்கு உரியது, அம்முறையைக் கதை நிகழ்ச்சிக்கு ஏற்றதாக்கிய ஒளியமைப்பு. போட்டி நிகழ்ச்சியில் முகம் தெரிந்தால் போதும். நான்கு அறைகளில் நடக்கும் ஒரு கதையில், திரைப்படத்திற்குப் பழகிய கண்ணுக்கும் குறை தோன்றாத படம் வேண்டும். அதை ஒரே வெளிச்சத்தில் தந்தது இவருடைய சாதனை.

எதிர்க்கருத்தும் உண்டு. இம்முறையைப் பின்பற்றிய தொடர்களில் காலையும் மாலையும் மகிழ்ச்சியும் துயரமும் ஒரே தட்டையான வெளிச்சத்தில் காட்டப்பட்டன என்பது ஒரு குறைபாடு. நான்காவது சுவர் இல்லாத வீட்டில் மூன்று பக்கங்களை மட்டுமே பார்க்கும் பழக்கம், தொலைக்காட்சி நகைச்சுவையைப் பல பத்தாண்டுகள் நாடக மேடையோடு கட்டிப்போட்டது என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான குறைகளே. ஆனால் மெட்ரோபோலிஸ் எடுத்தவருக்கு நிழலைக் கையாளத் தெரியாமல் போய்விடவில்லை. தாம் மிகத் தேர்ந்திருந்த கலையை, நடிகையின் தேவைக்காக அவர் விலக்கி வைத்தார். பின்வந்தவர்களில் பலர் விலக்குவதற்கு எதுவும் இல்லாமலேயே அதே வெளிச்சத்தைப் போட்டனர்.

மேரி டைலர் மூர் ஷோ (1970), சியர்ஸ் (1982), பிரெண்ட்ஸ் (1994) ஆகியவை பார்வையாளர் முன்னிலையில் பல கேமராக்களைக் கொண்டு படச்சுருளில் எடுக்கப்பட்ட பிற்காலத் தொடர்கள்.

பிற்காலம்

குழுவினர் பிராய்ண்டைப் பாப்பா என்றே அழைத்தனர். ஐ லவ் லூசியின் பெரும்பாலான பகுதிகளோடு, அவர் மிஸ் புரூக்ஸ், டிசம்பர் பிரைட் ஆகிய தொடர்களிலும் இவர் பணியாற்றினார். லூசில் பால், அர்னாஸ் இணையரின் தெசிலு நிறுவனம் 1953-இல் பெரிய வளாகம் ஒன்றுக்கு மாறியபோதும் இவருடைய ஒளியமைப்பு முறை உடன் சென்றது. ஐ லவ் லூசி 1957 மே மாதம் வரை, ஆறு பருவங்கள் ஒளிபரப்பானது. அவற்றுள் நான்கு பருவங்களில் அமெரிக்காவில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுவே.

1944-இல் இவர் நிறுவிய போட்டோ ரிசர்ச் நிறுவனம் ஒளியளவிகளைத் தயாரித்தது. ஒரு பொருளின் பொலிவை நேரடியாக அளந்து காட்டும் கருவியை வடிவமைத்தமைக்காக, நிறுவனத்தின் பிராங்க் கிராண்டலுடன் இணைந்து 1955-இல் அகாதமியின் தொழில்நுட்ப விருதைப் பெற்றார். ஒரு சுவர், ஒரு முகம், ஒரு செய்தித்தாள் ஆகியவை கேமராவுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்பதை மூன்று கோணங்களிலிருந்தும் சமன்படுத்த வேண்டியிருந்த ஒருவர், அதே ஆண்டுகளில் இத்தகைய கருவியில் ஈடுபட்டிருந்தது வியப்பன்று.

1950களின் இறுதியில் தொலைக்காட்சிப் பணியிலிருந்து விலகினார். மே 3, 1969 அன்று கலிபோர்னியாவின் சான்டா மோனிக்காவில், தமது 79-ஆம் வயதில் காலமானார். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மவுண்ட் சினாய் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.